நம்பர் படகுக்கு வைத்த பேர்

என் வீட்டுக்காரர் பேரை நான் இன்றுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை. இது என்ன பழக்கம் என்று இப்போதைய பெண்கள் கேட்கிறார்கள். கேட்டுக்கொள்ளட்டும். இந்தப் பழக்கத்தால் யுத்தகாலத்தில் ஒரு தடவை நான் தப்புச் செய்தேன். அந்தத் தப்பிலிருந்து என்னைக் காப்பாற்றியதும் இதே பழக்கம்தான். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. தெரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

தென்காசியில் ஒரு அரிசி மில்லில் அவருக்கு எஞ்சின் ஓட்டுகிற வேலை. சத்தத்தைக் கேட்டே எந்த மூலையில் எண்ணெய் வற்றிவிட்டது என்று சொல்லிவிடுவார். மாமனாருக்கு அது பிடிக்காது. இரண்டு கோட்டை விதைப்பாடு வயல் இருக்க, மகன் கரிப்புகையில் நிற்கிறானே என்று அவருக்கு ஆத்திரம். யுத்தம் வந்ததும் கப்பல்படைக்கு எஞ்சின் தெரிந்த ஆள் வேண்டும் என்று ஊருக்கு ஊர் ஆள் எடுக்க வந்தார்கள். என் வீட்டுக்காரர் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்துதான் வீட்டில் சொன்னார்.

மாமனார் சாப்பிட்ட கையோடு எழுந்துவிட்டார். "வயல்ல கால் வைக்க மாட்டேன்னவன், கடல்ல வைக்கப் போறானாக்கும். போகட்டும். இனிமே அவன் பேரை இந்த வீட்ல எவரும் எடுக்கக் கூடாது."

வீட்டில் எடுப்பதற்கு யார் இருந்தார்கள்? நான் எடுக்க மாட்டேன். மாமியார் நான் வாக்கப்பட்டு வருமுன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என் மகளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. ஆக, மாமனார் அந்தக் கட்டளையைத் தனக்குத்தானே போட்டுக்கொண்டார். போட்டதைக் கடைசிவரை காத்தார், அதையும் சொல்ல வேண்டும்.

ஒரு வருஷம் கழித்து ஆடியில் என் வீட்டுக்காரர் பத்து நாள் ரஜாவில் வந்தார். மாமனார் பேசவில்லை. அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு இவர் சாப்பிட உட்காருவார். மூன்றாம் நாள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இருவரும் குற்றாலத்துக்கு நடந்தே போனோம். சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. அருவியில் தலை காட்டி, சாமி கும்பிட்டுவிட்டு, அருவி விழுந்து பொங்குகிற பொங்குமாங்கடல் தெரிகிற பாறை ஓரம் ஈரச்சேலையோடு உட்கார்ந்திருந்தோம்.

"உங்க கப்பல் பேரு என்ன?" என்று அப்போதுதான் கேட்டேன்.

"பேரு கிடையாது. நம்பர்தான்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் விவரமாகச் சொன்னார். கப்பல்படையில் பேர் வைப்பதற்கென்று ஒரு ஆபீஸ், ஒரு லிஸ்ட். ஒரே மாதிரி கட்டின கப்பல்களுக்கு ஒரே வகைப் பேர். ஒரு வகைக்கு ஆற்றுப் பேர்: காவேரி, யமுனை, நர்மதை. இன்னொரு வகைக்கு மாகாணங்களின் பேர். ஒன்றுக்கு வைத்ததை இன்னொன்றுக்கு வைக்கக் கூடாது. காற்றிலும் மழையிலும் கத்திச் சொன்னால் காதில் விழுகிற பேராக இருக்க வேண்டும்.

"இன்னொண்ணு கேளு. நாங்க வேலை படிச்சது தரையில கட்டின கட்டடம். அதுக்கும் கப்பல் பேருதான் வச்சிருக்கான். வாசலைத் தாண்டிக் கடைக்கு வெத்தலை வாங்கப் போனாக்கூட, கரைக்குப் போறேன்னு சொல்லித்தான் போகணும்."

"கட்டடத்துக்குப் பேரு உண்டு, கடல்ல மிதக்குத படகுக்குப் பேரு இல்லையா?"

"அது சின்னப் படகு ட்டி. மரத்துல செஞ்சது. ஆள் பதினஞ்சு பேரு. அந்த நீளத்துக்கெல்லாம் பேரு வைக்க மாட்டான், நம்பரோட சரி."

எனக்கு அது பொறுக்கவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த மலையில் நாலு ஆள் சேர்ந்து நிற்க முடியாத அருவிக்கும் சிற்றருவி என்று ஒரு பேர் இருக்கிறது. எங்கள் உழவு மாடு இரண்டுக்கும் பேர் உண்டு. பதினைந்து தாய்மார் பெற்ற பிள்ளைகளைச் சுமந்துகொண்டு, குண்டு விழுகிற கடலில் நிற்கிற படகுக்கு, நீளம் பத்தாது என்று பேர் இல்லையாம்.

"அந்த நம்பரையாவது சொல்லுங்க."

சுற்றிலும் பார்த்தார். அருவிச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. என் காதோடு வாய் வைத்து அந்த நம்பரைச் சொன்னார். "யார்கிட்டயும் சொல்லிராத. எங்களுக்கு உத்தரவு இல்லை" என்றும் சொன்னார். தலையாட்டினேன். ஒரு வாரத்தில் ரயிலேறிப் போய்விட்டார்.

அவர் நட்சத்திரம் உத்திரம். மாதாமாதம் உத்திரத்தன்று எங்கள் ஊர்க் கோயிலில் அவருக்கு அர்ச்சனை செய்வது என்று நேர்ந்துகொண்டிருந்தேன். பழைய பட்டருக்கு எங்கள் வீட்டுப் பேர்கள் மனப்பாடம். நான் தேங்காய் பழத்தை நீட்டினால் போதும், அவரே சொல்லிக்கொள்வார். ஆவணியில் அந்தப் பட்டர் உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டார். அவருடைய மருமகன் செங்கோட்டைப் பக்கமிருந்து வந்து பூஜையை ஏற்றுக்கொண்டார். வந்து நாலு நாள்கூட ஆகியிருக்காது.

அன்றைக்குப் பார்த்து நல்ல கூட்டம். மொட்டைக் கோபுரத்து வாசல் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது. இடுப்பில் பிள்ளை அழுகிறாள்.

"யார் பேருக்கும்மா?" என்றார் புதுப் பட்டர்.

"உத்திரம், சாமி."

"நட்சத்திரம் சரி. பேர்?"

நான் என்ன செய்வேன்? சில பெண்களுக்குக் கஷ்டமில்லை. வீட்டுக்காரர் பேர் எந்தச் சாமி பேரோ அந்தச் சந்நிதியைக் கைகாட்டிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் பேருடைய சாமி அந்தக் கோயிலில் இல்லை. பிள்ளையை அடுத்த இடுப்புக்கு மாற்றினேன்.

பின்னால் நின்ற ஒருத்தி, "ஏட்டி, சொல்லிட்டு நவுரு. பிள்ளை தொண்டை கிழியுதுல்லா" என்றாள்.

எனக்கு அந்த நேரத்தில் வாயில் வந்தது நம்பர்தான். சொல்லிவிட்டேன்.

பட்டர் தட்டைக் கீழே வைத்தார். "இது என்னம்மா, பஸ் நம்பரா?"

"படகு, சாமி. அதுலதான் அவுக இருக்காக."

சிரிக்கப் போனவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். உத்திர நட்சத்திரம் என்று சொல்லி, நடுவில் அந்த நம்பரையும் கணீரென்று சொல்லி, அர்ச்சனை செய்து குங்குமம் கொடுத்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவருக்கு மட்டுமா, அந்தப் பதினைந்து பேருக்கும் சேர்த்து அர்ச்சனை செய்த மாதிரி இருந்தது. அடுத்த மாதமும் அதையே சொன்னேன், அதற்கடுத்த மாதமும். "நம்பர்க்காரி வாராப் பாரு" என்று கோயிலில் பெண்கள் வழிவிட்டார்கள். உத்தரவு இல்லை என்று அவர் சொன்னது எனக்கு நினைவுக்கே வரவில்லை. சாமியிடம் சொல்வது யாரிடமோ சொல்வது ஆகும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

கார்த்திகையில் ஒருநாள் காலையில் தாலுகா கச்சேரிக் குமாஸ்தா ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஊரில் யுத்தக் கமிட்டி வேலையெல்லாம் அவர்தான் பார்த்தார். மாமனார் முற்றத்தில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். குமாஸ்தாவை நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

"ஏம்மா, கோயில்ல ஒரு நம்பரைச் சொல்லுதியாமே. உனக்கு யார் சொன்னா?"

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"கப்பல் நம்பரை வெளியில சொல்லுதது எவ்வளவு பெரிய குத்தம் தெரியுமா? சொன்னவனுக்கு ஜெயில்." ஒரு தாளை எடுத்து வைத்தார். தமிழில் அழகாக எழுதியிருந்தது. "இதுல ஒரு கையெழுத்துப் போட்டுரு. விஷயம் இத்தோட முடிஞ்சிரும்."

தாளை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தேன். எனக்குக் கடிதமே மெதுவாகத்தான் ஓடும்.

"ஒரு கையெழுத்துக்கு இம்புட்டு நேரமா?"

மாமனார் தலை நிமிராமல், "அவ படிக்கட்டும் வே. உமக்கு என்ன ரயிலுக்கு நேரமாகுதா?" என்றார்.

மூன்றாவது வரியில் வந்து நின்றேன். 'என் கணவர் ரஜாவில் வந்திருந்தபோது என்னிடம் இந்த எண்ணைத் தெரிவித்தார்' என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் அவர் பேர் எழுத இடம் விட்டிருந்தது.

என் கையெழுத்து விழுந்தால் அவர் கையில் விலங்கு. இந்த மனிதர் என்னைக் காப்பாற்ற வந்தவர்போலப் பேசுகிறார், தாளில் இருப்பது வேறு. எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. கதவை விட்டு வெளியே வந்தேன்.

"நான் போட மாட்டேன், அண்ணாச்சி."

"அப்ப யார் சொன்னான்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"கோயில் குளத்துக்குப் போற பொம்பளை நீ. சாமி மேல ஆணையா உன் புருசன் சொல்லலைன்னு சொல்லு. இந்தத் தாளை இங்கனயே கிழிச்சுப் போட்டுருதேன்."

பொய் ஆணை போட மாட்டேன் என்று தெரிந்துதான் கேட்டார். போட்டால் பாவம், போடாவிட்டால் ஒத்துக்கொண்டது ஆகும். நான் சொன்னேன்:

"ஆணையும் போட மாட்டேன். கட்டின புருசன் பேரையே சொல்லாத வாய் இது, அண்ணாச்சி. இதுலேருந்து வேற என்னத்தை வாங்கிரப் போறீக?"

மாமனார் கயிறு திரிப்பதை நிறுத்தினார். குமாஸ்தா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"சரி. கோயில்ல அந்த அர்ச்சனை இத்தோட நிக்கணும். இன்னொரு தடவை அந்த நம்பர் என் காதுல விழுந்துது, மேலிடத்துக்கு எழுதிருவேன். பொறவு என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

நம்பரை நான் சொன்னது தப்பு. அதை அன்றைக்கே ஒத்துக்கொண்டேன், இன்றைக்கும் ஒத்துக்கொள்கிறேன். பதினைந்து உயிர் இருக்கிற இடத்தை ஊரறியச் சொல்லியிருக்கக் கூடாது. அதனால்தான் இங்கேகூட அந்த நம்பரை எழுதவில்லை. ஆனால் அர்ச்சனையை நிறுத்து என்று சொல்ல இவர் யார்? நேர்ந்துகொண்டது சாமியிடம். விட்டால் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம்.

ஒரு வழி இருந்தது. மாமனாரிடம் போய் நின்றேன்.

"மாமா, நீங்க ஒரு தடவை கோயிலுக்கு வந்து பட்டர்கிட்ட பேரைச் சொன்னாப் போதும். பொறவு அவரே நெனப்பு வச்சுக்கிடுவாரு."

"சொன்ன சொல்லு சொன்னதுதான்" என்றார்.

சரி, இந்த வீட்டில் பிடிவாதம் அவருக்கு மட்டும் சொந்தமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

உத்திரத்துக்கு ஆறு நாள் இருந்தது. மறுநாள் சிற்றாற்றுக்குத் துணி துவைக்கப் போனேன். மலையில் மழை, ஆறு இரண்டு கரையும் தொட்டு ஓடியது. கல்லில் துணியை அடிக்கும்போது அவர் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. காவேரி, யமுனை, நர்மதை. பெரிய கப்பலுக்குப் பெரிய ஆறு. அப்படியானால் சின்னப் படகுக்கு? ஒன்றுக்கு வைத்த பேரை இன்னொன்றுக்கு வைக்கக் கூடாது என்றார்; எங்கள் ஊர் ஆற்றை எந்த ஆபீஸும் லிஸ்டில் சேர்த்திருக்காது. கத்திச் சொன்னால் கேட்க வேண்டும் என்றார். ஆற்றுக்கு அக்கரையில் நின்று சொன்னாலும் கேட்கும். அவர்கள் போட்ட சட்டப்படியே பார்த்தாலும் ஒரு குறை கிடையாது. அவர்கள் வைக்காவிட்டால் போகிறார்கள், நான் வைக்கிறேன்.

எங்கள் பக்கம் பிள்ளைக்குப் பேர் வைத்தால் காதில் மூன்று தடவை சொல்வோம். என் மகளுக்கு மாமனார்தான் சொன்னார். படகின் காதுக்கு நான் எங்கே போவேன்? இந்தத் தண்ணீர் தாமிரபரணியில் சேர்ந்து கடலுக்குப் போகிறது. படகும் கடலில்தான் இருக்கிறது. முழங்கால் தண்ணீரில் இறங்கி, கும்பிட்டு, தண்ணீரோடு வாய் வைத்துச் சொன்னேன். சிற்றாறு, சிற்றாறு, சிற்றாறு.

அடுத்த கல்லில் துவைத்தவள், "ஏட்டி, மீன்கிட்ட என்ன பேசுத?" என்றாள்.

"பேர் வைக்கேன்."

"மீனுக்கா?"

"படகுக்கு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் துணியைப் பிழிந்தாள். வீட்டுக்கு வந்து கொஞ்சம் பச்சரிசியும் சர்க்கரையும் கலந்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். மாமனாருக்கும் ஒரு கிண்ணத்தில் வைத்தேன். எதற்கு என்று கேட்காமல் சாப்பிட்டார்.

உத்திரத்தன்று கோயிலுக்குப் போனால், சந்நிதிக்கு வலப்பக்கம் குமாஸ்தா நிற்கிறார். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, சாமியைப் பார்க்காமல் வாசலைப் பார்த்து நிற்கிறார். பட்டரையும் முன்கூட்டியே மிரட்டியிருந்தார் போல. என்னைக் கண்டதும் பட்டர் மெதுவாக, "அம்மா, இன்னைக்கு அது வேண்டாமே" என்றார்.

"அது இல்லை, சாமி. சிற்றாறு, உத்திரம்."

"ஆத்துக்கா அர்ச்சனை?"

"படகுக்கு. பேர் வச்சாச்சு."

குமாஸ்தா முன்னால் வந்தார். "இது என்ன புதுசா? சிற்றாறுன்னு கப்பல்படையில ஒரு கப்பல் உண்டா?"

"நீங்கதான் சொல்லணும், அண்ணாச்சி."

"கிடையாது. அப்படி ஒரு கப்பலே கிடையாது."

"இல்லாத கப்பல்ல என்ன ரகசியம்? சாமி, நீங்க நடத்துங்க."

கூட்டத்தில் ஒரு கிழவர் மட்டும் கனைத்தார். குமாஸ்தா தோளில் கிடந்த சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். சாமி முன்னால் நின்றுகொண்டு, இல்லாத படகுக்கு ஏன் அர்ச்சனை செய்கிறாய் என்று கேட்கவும் முடியாது. பட்டர் என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். பிறகு சாமி பக்கம் திரும்பி, முன்னைவிடச் சத்தமாகவே சொன்னார். மணி அடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது குமாஸ்தா இல்லை. அவர் மேலிடத்துக்கு எழுதினாரோ இல்லையோ, எங்களுக்கு ஒன்றும் வரவில்லை.

என் வீட்டுக்காரருக்குக் கடுதாசி போட்டேன். உங்கள் படகுக்குச் சிற்றாறு என்று பேர் வைத்திருக்கிறேன், மாதாமாதம் அர்ச்சனை நடக்கிறது, மற்ற பதினாலு பேரிடமும் சொல்லுங்கள் என்று எழுதினேன். இரண்டு மாதம் பொறுத்துப் பதில் வந்தது. சென்சாரில் பாதி வரிகளில் மை பூசியிருந்தார்கள். மீதி இப்படி இருந்தது:

'எல்லாரும் அந்தப் பேரைத்தான் சொல்கிறார்கள். பஞ்சாபிக்காரன் வாயில் சிட்டார் என்று வருகிறது. எஞ்சின் ரூம் ஏணிக்கு அடியில் வெள்ளைப் பெயின்டில் எழுதினோம். ஆபீசர் பார்த்துவிட்டுச் சுரண்டச் சொன்னார். சுரண்டினோம். திரும்ப எழுதினோம். திரும்பச் சுரண்டச் சொன்னார். மூன்றாம் தடவை எழுதின பிறகு, அவர் ஏணியில் இறங்கும்போது மேலே பார்த்துக்கொண்டே இறங்குகிறார்.'

அந்தக் கடுதாசியை மாமனார் இருக்கும்போது உரக்கப் படித்தேன். எனக்காகப் படிக்கிற மாதிரிதான். அவர் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே முழுக்கக் கேட்டார்.

யுத்தம் முடிந்து, அதற்கடுத்த பங்குனியில் என் வீட்டுக்காரர் வந்தார். ஸ்டேஷனிலிருந்து தகரப்பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தார். ஆள் கறுத்து, பாதியாகியிருந்தார். மாமனார் வாசலில் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மகனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். இவரும் பெட்டியை இறக்காமல் நின்றார். யார் முதலில் பேசுவார் என்று இருவரையும் மாறிமாறிப் பார்த்தேன்.

பெட்டி தலையிலிருந்து நழுவிக் கல்லில் விழுந்தது. அந்தச் சத்தத்தில் மாடு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு தெருவில் ஓடியது.

"ஏலே," என்று மாமனார் மகன் பேரைச் சொல்லிக் கத்தினார், "மாட்டைப் பிடி லே."

நாலு வருஷம் கழித்து அந்தப் பேர் எங்கள் வீட்டு வாசலில் கேட்டது. தெருவே கேட்டது. என்ன பேர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மாடு பிடிபட்டது. இருவரும் சேர்ந்து அதைக் கட்டினார்கள். அன்றைக்கு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அந்த வாரமே பங்குனி உத்திரம். அவரையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பட்டர் என்னைப் பார்த்ததும் கேட்காமலே தட்டை வாங்கினார். இருந்தாலும் நான் வாய்விட்டுச் சொன்னேன்.

"சிற்றாறு, உத்திரம்."

என் வீட்டுக்காரர் என் பக்கம் குனிந்தார். "அந்தப் படகு இப்ப இல்லை ட்டி. கரையில ஏத்தி உடைச்சாச்சு. ரிஜிஸ்டர்ல அடிச்சிட்டாங்க."

"அவங்க அடிச்சது நம்பரை. பேரு நான் வச்சது."

பட்டர் கையில் பூவோடு காத்து நின்றார்.

"நடத்துங்க, சாமி" என்றேன்.